படகு லிஃப்டுக்கு எந்த பேட்டரி?

படகு லிஃப்டுக்கு என்ன பேட்டரி போடலாம் என்று கேட்டால் உடனே வந்து விழும் பதில் ஒன்று உண்டு: "இருக்கிறதிலேயே பெரிசா ஒண்ணு போட்டுடுங்க." கேட்டவரும் போடுவார். ஒரு பருவம் ஓடும். அடுத்த பருவத்தில் பொத்தானை அழுத்தினால் "டக், டக்" என்று சத்தம் மட்டும் வரும், படகு பாதி உயரத்தில் தொங்கும். "இது பத்தலை, இன்னும் பெரிசா போடணும்" என்று அடுத்த யோசனையும் தயாராக வந்துவிடும்.

பெரிய பேட்டரி போடுவது தப்பில்லை. ஆனால் அது ஏன் பெரிசாக இருக்க வேண்டும் என்பதற்குப் பலரும் சொல்லும் காரணம் தப்பு. அதனால்தான் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம். கேபிளையும் சார்ஜ் ஆகும் வழியையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி. படகு லிஃப்ட் என்பது படகுத்துறை ஓரத்தில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஒரு தொட்டில். படகை அதன்மேல் ஓட்டி நிறுத்தி மோட்டாரைப் போட்டால், தொட்டில் படகோடு மேலே வரும். பாசி பிடிக்காது, அலையில் துறையோடு மோதாது. சிலவற்றில் மோட்டார் கம்பிக்கயிற்றைச் சுற்றி இழுக்கும், சிலவற்றில் ஹைட்ராலிக் பம்பை ஓட்டும். துறையில் மின் இணைப்பு இருந்தால் அதிலேயே ஓடும் லிஃப்டுகளும் உண்டு. அவற்றை இங்கே விட்டுவிடுவோம். நாம் பேசப்போவது 12 அல்லது 24 வோல்ட் பேட்டரியில் ஓடுபவற்றைப் பற்றி.

கிணற்று வாளி

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது கைக்கே தெரியும். வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிறு லேசாக இருக்கும். வாளியின் விளிம்பு நீர்மட்டத்தைத் தாண்டியதும் கை திடீரென்று கனக்கும். அதுவரை தண்ணீர் தாங்கிய எடை இப்போது கயிற்றுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

லிஃப்டிலும் இதே கதை. தொட்டில் படகின் அடியைத் தொடும்வரை மோட்டாருக்குப் பெரிய வேலை இல்லை. படகு நீரைவிட்டு எழ எழ எடை ஏறும். முழுதாக வெளியே வந்தபின் மொத்த எடையும் மோட்டார் மேல்தான். பாதி உயரத்தில் நின்றுபோகும் லிஃப்டுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கின்றன. "கீழே நல்லாத்தானே ஓடுச்சு" என்பதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது.

இரண்டு டன் படகும் ஒரு கைபேசியும்

கொஞ்சம் கணக்குப் போடலாம், பயப்பட வேண்டாம். படகும் தொட்டிலும் சேர்ந்து 2,000 கிலோ. 1.5 மீட்டர் உயரம் தூக்க வேண்டும். எடையையும் உயரத்தையும் புவியீர்ப்பு எண்ணான 9.8-ஐயும் பெருக்கினால் 29,400 ஜூல். இதையே மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 8 வாட்-ஹவர். வாட்-ஹவர் என்றால் ஒரு வாட் வேகத்தில் ஒரு மணி நேரம் செலவாகும் ஆற்றல்.

இது எவ்வளவு சின்னது தெரியுமா? இன்றைய கைபேசி ஒன்றின் பேட்டரியில் சுமார் 15 வாட்-ஹவர் இருக்கும். இரண்டு டன் படகை ஒன்றரை மீட்டர் தூக்க, அதில் பாதி போதும்!

சரி, நஷ்டங்களையும் சேர்ப்போம். மோட்டார் சூடாவது, கப்பிகளின் உராய்வு, ஹைட்ராலிக் எண்ணெயின் இழுவை என்று பாதிக்கு மேல் வீணாகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 20 வாட்-ஹவர்தான் வரும். 12 வோல்ட் பேட்டரியில் அது 1.7 ஆம்பியர்-ஹவர். லேபிளில் ஏஎச் என்று எழுதியிருப்பது இதைத்தான்: இத்தனை ஆம்பியரை இத்தனை மணி நேரம் தர முடியும் என்ற இருப்புக் கணக்கு. 100 ஏஎச் பேட்டரியில் 1.7 போனால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

அப்படியானால் பிரச்சினை எங்கே? நேரத்தில். கைபேசி தன் 15 வாட்-ஹவரை ஒரு நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரைக்கிறது. லிஃப்ட் 20 வாட்-ஹவரை ஒன்றரை நிமிடத்தில் கேட்கிறது. அந்த 90 விநாடியும் 800 வாட்டுக்கு மேல் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் அது சுமார் 68 ஆம்பியர். உங்கள் லிஃப்டின் எண் இதைவிடக் கூடலாம், குறையலாம். படகு கனமாக, வேகம் கூடக்கூட ஆம்பியரும் ஏறும். உண்மையான எண் மோட்டார் மேலுள்ள தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும்.

ஆக, லிஃப்டுக்குத் தேவைப்படும் மொத்த ஆற்றல் கொஞ்சம். ஆனால் அதை ஒரே மூச்சில் கேட்கிறது. கேட்டுவிட்டு நாள் கணக்கில் சும்மா நிற்கிறது. பேட்டரித் தேர்வு முழுவதும் இந்த இரண்டு குணங்களைச் சுற்றித்தான்.

குடத்தின் கழுத்து

ஒரு குடம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. தலைகீழாகக் கவிழ்த்தாலும் அது "கொளக், கொளக்" என்றுதான் வரும். உள்ளே தண்ணீர் இல்லாமல் இல்லை, கழுத்து குறுகல். அதே அளவு தண்ணீரை ஓர் அண்டாவில் வைத்துச் சாய்த்தால் ஒரே கொட்டில் கொட்டிவிடும்.

பேட்டரிக்கும் இப்படி ஒரு கழுத்து உண்டு. அதற்கு உள்தடை என்று பெயர்: பேட்டரியின் தகடுகள், அமிலம், உள் இணைப்புகள் எல்லாம் சேர்ந்து மின்னோட்டத்துக்குக் கொடுக்கும் தடை. சின்ன விளக்கு எரியும்போது இது ஒரு பொருட்டே அல்ல. 68 ஆம்பியர் இழுக்கும்போதுதான் இதன் சுயரூபம் தெரியும். இழுக்கும் ஆம்பியர் ஏற ஏற, பேட்டரி முனையிலேயே வோல்ட் சரியும்.

இங்கேதான் "பெரிசா போடுங்க" என்ற யோசனைக்கு உண்மையான காரணம் இருக்கிறது. ஒரு தூக்கலுக்கு 1.7 ஏஎச்தான் என்றால் 20 ஏஎச் பேட்டரியே ஏராளம் என்று தோன்றும். இருப்பில் ஏராளம்தான். ஆனால் சின்ன பேட்டரியில் தகடுகளின் பரப்பு குறைவு, கழுத்து குறுகல். 68 ஆம்பியர் கேட்டதும் வோல்ட் பொத்தென்று விழும். 100 ஏஎச் பேட்டரியை வாங்குவது அதிலுள்ள இருப்புக்காக என்பதைவிட, அதன் அகலமான கழுத்துக்காக.

இன்னொரு சங்கதி. ஈய-அமில பேட்டரியில் 100 ஏஎச் என்று அச்சிட்டிருந்தால், வழக்கமாக அது 20 மணி நேரக் கணக்கு. 5 ஆம்பியராக நிதானமாக எடுத்தால்தான் அந்த 100 முழுதாகக் கிடைக்கும். அவசரமாக இழுத்தால் கிடைப்பது குறையும். இதை 1897-இல் பியூக்கர்ட் என்ற ஜெர்மானியர் சூத்திரமாக்கிக் காட்டினார், இன்றும் அவர் பெயரில்தான் அது வழங்குகிறது. சூத்திரம் நமக்கு வேண்டாம். அவசரப்படுத்தினால் இருப்பு சுருங்கும் என்பது தெரிந்தால் போதும்.

இத்தோடு ஒரு வீண் பயத்தையும் தீர்த்துவிடலாம். "இவ்வளவு பெரிய ஆம்பியர் பேட்டரி போட்டால் மோட்டார் எரிந்துவிடாதா?" எரியாது. பேட்டரி தள்ளுவது வோல்ட்டை. ஆம்பியரை மோட்டார் தன் சுமைக்கு ஏற்ப இழுத்துக்கொள்ளும். 12 வோல்ட் மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுத்தால், பின்னால் நிற்பது 100 ஏஎச்சா 200 ஏஎச்சா என்பது அதற்குத் தெரியாது. மோட்டாருக்கு ஆபத்து, வோல்ட் குறைவாக வருவதில்தான் அதிகம். சுமை அதேதான் என்பதால் அது இழுக்கும் ஆம்பியர் பெரிதாகக் குறையாது, ஆனால் வேகம் குறையும். 90 விநாடி வேலை மூன்று நிமிடம் இழுக்கும், சுருள்கள் சூடாகும். வோல்ட் இன்னும் விழுந்தால் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே தன் பிடியை விட்டுவிடும். விட்டதும் சுமை போய் வோல்ட் ஏறும், ரிலே மறுபடி பிடிக்கும், மறுபடி விழும். முதலில் சொன்ன அந்த "டக், டக்" இதுதான்.

காரில் இருப்பதைக் கழற்றிப் போட்டால்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி. கார் பேட்டரியும் 12 வோல்ட், அதன் கழுத்தும் அகலம், நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரும். பிறகென்ன?

கார் பேட்டரி குறுகிய ஓட்டக்காரன். இன்ஜினை எழுப்ப இரண்டு மூன்று விநாடி பலமாகத் தள்ள வேண்டும், உடனே ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கருவி) வந்து இழந்ததை நிரப்பிவிடும். அதற்காக உள்ளே மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கியிருப்பார்கள். பரப்பு அதிகம், தடிமன் குறைவு. இப்படிப்பட்ட பேட்டரியைத் திரும்பத் திரும்ப ஆழமாகக் காலி செய்தால் தகட்டிலுள்ள பொருள் உதிர்ந்து அடியில் படியும். டீப் சைக்கிள் பேட்டரி என்பது இதற்கு நேர்மாறு: தடித்த தகடுகள், ஆழமாகக் காலியாகி மறுபடி நிறைவதைத் தாங்கும் கட்டமைப்பு.

நேர்மையாகச் சொன்னால், தூக்கலுக்கு 1.7 ஏஎச் மட்டும் எடுத்துவிட்டு ஒவ்வொரு முறையும் உடனே நிரப்பிவிட்டால் கார் பேட்டரியும் சில காலம் ஓடும். அதனால்தான் "என் லிஃப்டில் கார் பேட்டரிதான், மூணு வருஷமா ஓடுது" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய சார்ஜ் ஏற்பாடு நன்றாக இருக்கிறது. அது ஒரு மாதம் பழுதாகிவிட்டால்? தூக்கி இறக்கித் தூக்கி இறக்கி பேட்டரி அடிமட்டம்வரை போகும். டீப் சைக்கிள் என்றால் அதிலிருந்து மீண்டு வரும். கார் பேட்டரிக்குப் பெரும்பாலும் அந்தக் கொடுப்பினை இல்லை. எனவே என் ஓட்டு டீப் சைக்கிளுக்கு. இரண்டு வேலைக்கும் நடுவாகச் செய்யப்பட்ட "டூயல் பர்ப்பஸ்" கடல்சார் பேட்டரியும் பரவாயில்லை.

படகின் சொந்த பேட்டரியிலிருந்தே ஒயர் இழுத்து லிஃப்டை ஓட்டுபவர்களும் உண்டு. ஒரு நாள் அந்த பேட்டரி டவுன் ஆனால் படகும் கிளம்பாது, அதை இறக்கவும் முடியாது. தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

கழுவாத தட்டு

இப்போது இரண்டாவது குணம்: சும்மா நிற்பது. படகு லிஃப்ட் பேட்டரிகள் உழைத்துச் சாவதைவிடச் சும்மா இருந்து சாவதே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

ஈய-அமில பேட்டரியைப் பிரான்சின் காஸ்டன் பிளான்டே 1859-இல் உருவாக்கினார். அடிப்படை இன்றும் அதேதான். ஒரு பக்கம் ஈயத் தகடு, மறுபக்கம் ஈய டை ஆக்சைடு தகடு, நடுவே கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படியும், அமிலம் நீர்த்துப்போகும். சார்ஜ் செய்தால் அந்தப் படிவு கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும்.

சாப்பிட்ட தட்டை உடனே கழுவினால் ஒரு தடவலில் போய்விடும். இரண்டு நாள் கழித்துக் கழுவிப் பாருங்கள்! சல்ஃபேட்டும் அப்படித்தான். புதிதாகப் படிந்தது நுண்ணிய துகள், எளிதில் கரையும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் பெரிய, கெட்டியான படிகங்களாக இறுகிவிடும். அப்புறம் சார்ஜரை நாள் முழுக்கப் போட்டாலும் கரையாது. இதற்குத்தான் சல்ஃபேஷன் என்று பெயர். தகட்டின் பரப்பு மூடப்படுகிறது, குடத்தின் கழுத்து குறுகுகிறது. விளக்கு எரியும், மீட்டரில் 12.6 வோல்ட் காட்டும், ஆனால் லிஃப்டைத் தூக்கச் சொன்னால் கையை விரிக்கும்.

யாரும் தொடாவிட்டாலும் பேட்டரி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. லிஃப்டின் ரிமோட் ரிசீவர் இரவும் பகலும் விழித்திருந்து தன் பங்குக்கு உறிஞ்சும். குளிர் கடுமையான ஊர்களில் வேறொரு ஆபத்தும் உண்டு. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியான பேட்டரியில் இருப்பது கிட்டத்தட்டத் தண்ணீர்தான், மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும்.

இதுவரை பார்த்ததன் சாரம்: ஒரே மூச்சில் இழுப்பதைத் தாங்க அகலமான கழுத்து வேண்டும், சும்மா நிற்கும் நாட்களில் பேட்டரி நிறைந்தே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வகைகளைப் பார்க்கலாம்.

மூன்று வகை, ஒரு சாய்வு

திறந்த வகை ஈய-அமில பேட்டரி பழைய ஆள். மூடியைத் திருகித் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவோமே, அதுதான். விலை குறைவு, நன்றாகவே இழுக்கும். ஆனால் அவ்வப்போது தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடியது. ஆகவே காற்றோட்டமுள்ள பெட்டியில்தான் வைக்க வேண்டும். துறையின் ஓரத்தில், பெட்டியைத் திறக்கவே சோம்பலாக இருக்கும் இடத்தில், தண்ணீர் மட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஏஜிஎம் வகையில் அமிலம் தளும்பாது. கண்ணாடி இழையாலான விரிப்பு ஒன்று அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். மூடி திறக்க வேண்டியதில்லை, சிந்தாது, தானாக இறங்கும் வேகமும் குறைவு. முக்கியமாக, உள்தடை குறைவு. சும்மா நின்றுவிட்டு திடீரென்று பலமாக இழுக்கும் வேலைக்கு இது பொருத்தமான ஆள். பெரும்பாலானவர்களுக்கு டீப் சைக்கிள் ஏஜிஎம் என்பதே என் பதில்.

லித்தியத்தில் இந்த வேலைக்கு வருவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற ரகம். எடை ஈய பேட்டரியில் பாதிக்கும் குறைவு, இருப்பில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், பாதி சார்ஜில் கிடந்தாலும் சல்ஃபேஷன் கவலை இல்லை. எல்லாம் நல்ல குணங்கள்தான். ஆனால் துறையில் ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கும் பேட்டரிக்கு எடை குறைந்து என்ன ஆகப்போகிறது? ஆழமாகக் காலி செய்யலாம் என்ற வசதிக்கும் இங்கே வேலை குறைவு, நாம் எடுப்பதே துளிதான்.

லித்தியம் வாங்குவதென்று முடிவு செய்தால் ஒன்றை மறக்காமல் பாருங்கள். இந்த பேட்டரிகளுக்குள் பிஎம்எஸ் என்ற காவல்காரச் சுற்று இருக்கும். அனுமதித்த ஆம்பியரைத் தாண்டினால் அது பேட்டரியையே அணைத்துவிடும். நிற்கும் மோட்டார் சுழல ஆரம்பிக்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் வோல்ட்டை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. நிற்கும்போது அந்தத் தடுப்பு இல்லை. ஈய பேட்டரி இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடும். பிஎம்எஸ் தாங்காது, பட்டென்று துண்டித்துவிடும். எனவே தொடர் ஆம்பியர் எவ்வளவு, சில விநாடி உச்ச ஆம்பியர் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் மோட்டாரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இந்த ரகத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். சார்ஜரும் லித்தியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

லேபிள் படிப்பது

பேட்டரி மேல் நாலைந்து எண்கள் இருக்கும். சிசிஏ என்பது மைனஸ் 18 டிகிரி குளிரில், வோல்ட் 7.2-க்குக் கீழே விழாமல் 30 விநாடி தரக்கூடிய ஆம்பியர். இன்ஜினைக் கிளப்புபவர்களுக்கான எண். கடல்சார் பேட்டரிகளில் எம்சிஏ என்று இருக்கும், அது பூஜ்ஜியம் டிகிரியில் எடுத்த கணக்கு என்பதால் எப்போதும் பெரிதாகத் தெரியும். ஒன்றின் சிசிஏவையும் மற்றொன்றின் எம்சிஏவையும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

லிஃப்டுக்கு நான் பார்ப்பது ரிசர்வ் கெப்பாசிட்டி என்ற எண்ணை. 25 ஆம்பியர் தொடர்ந்து இழுத்தால் வோல்ட் 10.5-க்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகும் என்பதே அது. 5 ஆம்பியரில் கணக்கிட்ட ஏஎச்சைவிட நம் லிஃப்டின் வாழ்க்கைக்கு இது நெருக்கமானது.

குரூப் 24, 27, 31 என்றெல்லாம் இருக்கிறதே, அது பெட்டியின் நீள அகல உயரத்துக்கும் முனைகளின் அமைப்புக்கும் வைத்த எண். சக்தியின் அளவு அல்ல. உங்கள் பேட்டரிப் பெட்டிக்குள் அது உட்காருமா என்று பார்க்க மட்டும் உதவும்.

தயாரான தேதியையும் பாருங்கள். அலமாரியில் ஒரு வருடம் சார்ஜ் இல்லாமல் கிடந்த "புது" பேட்டரி, கழுவாமல் காய்ந்த தட்டுதான்.

24 வோல்ட் என்றால்

பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக, அதாவது ஒன்றின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு இணைத்திருப்பார்கள். வோல்ட் கூடும், ஏஎச் கூடாது. இரண்டு 100 ஏஎச் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட், 100 ஏஎச். இதை 200 ஏஎச் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு.

ஒரே வேலைக்கு ஆம்பியர் பாதியாகிவிடும் என்பது இதன் பெரிய லாபம். நம் 68 இங்கே 34 ஆகும். இரண்டு பேட்டரியும் ஒரே ரகம், ஒரே அளவு, ஒரே வயதாக இருக்க வேண்டும். ஒன்று போய்விட்டால் இரண்டையும் மாற்றுங்கள். பழையதும் புதியதும் ஜோடி சேர்ந்தால் பழையது முதலில் காலியாகி மற்றதால் வதைபடும்.

இந்த ஜோடியில் ஒன்றிலிருந்து மட்டும் துறை விளக்குக்கு 12 வோல்ட் எடுப்பது நிறையப் பேர் செய்யும் தப்பு. அந்த ஒன்று தினமும் கொஞ்சம் இறங்கும், மற்றது நிறைந்தே இருக்கும். சார்ஜர் இரண்டையும் சேர்த்து ஒரே ஆளாகத்தான் பார்க்கும். ஆகவே ஒன்று எப்போதும் அரைப்பட்டினி, மற்றதற்கு அஜீரணம்.

சூரியத் தகடு

துறைக்கு மின் இணைப்பு இல்லாவிட்டால் சின்ன சோலார் பேனல்தான் வழி. 10 வாட் பேனல், நல்ல வெயில் நான்கு மணி நேரம் என்றால் 40 வாட்-ஹவர். நஷ்டம் போக 25, 30 தேறும். நம் கணக்கில் ஒரு தூக்கல் 20. ஆக ஒரு நாளைக்கு ஒரு முறை தூக்கி இறக்கினால் வரவும் செலவும் சரிக்குச் சரி. மேகமும் ரிமோட் ரிசீவரும் இருப்பதால் 20 வாட்டாகப் போட்டுவிடுவது நிம்மதி. நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும். நிறைந்தபின் நிறுத்துவதும், இரவில் பேட்டரியிலிருந்து பேனலுக்குப் பின்னோக்கி ஓடாமல் தடுப்பதும் அதன் வேலை.

நிழல்தான் எதிரி. பேனலின் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலே மொத்தமும் படுத்துவிடும். படகின் கூரைக்கடியில் பேனலை மாட்டிவிட்டு "சோலார் இருக்கு, பேட்டரி ஏன் டவுன் ஆகுது?" என்று கேட்டால் என்ன சொல்ல? பறவை எச்சமும் நிழல்தான்.

வாங்குமுன் அளந்து பாருங்கள்

கேபிளிலும் கழுத்து உண்டு. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 5 மீட்டர் இடைவெளி என்றால் போக வர 10 மீட்டர் செம்பு. 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் என்றால் 68 ஆம்பியரில் சுமார் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 என்றால் முக்கால் வோல்ட். 35 என்றால் மூன்றில் ஒரு பங்கு வோல்ட். 2 வோல்ட் இழக்கும் கேபிளை வைத்துக்கொண்டு எத்தனை பெரிய பேட்டரி வாங்கினாலும் மோட்டாருக்கு அது தெரியப்போவதில்லை. பேட்டரியை மோட்டாருக்கு அருகில் வைப்பதே மிகவும் மலிவான வைத்தியம்.

நான் ஒருமுறை பார்த்த லிஃப்டைச் சொல்கிறேன். இரண்டு வருடத்தில் மூன்றாவது பேட்டரி வாங்கத் தயாராக இருந்தார் அதன் சொந்தக்காரர். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தோம். சும்மா இருக்கும்போது 12.7. படகை நீருக்கு மேல் தூக்கும்போது பேட்டரியின் ஈய முனைகளில் 12.1. நல்ல எண். அதே நேரம் மோட்டார் முனையில் 9.6. நடுவில் இரண்டரை வோல்ட்டைக் காணோம்.

மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி முனையிலும் மற்றதை அதைக் கவ்வியிருந்த கேபிள் கிளாம்பிலும் வைத்து மறுபடி தூக்கச் சொன்னேன். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே பூஜ்ஜியம்தான் காட்ட வேண்டும். 1.6 காட்டியது. அந்த இடுக்கில் மட்டும் சுமார் நூறு வாட் சூடாக வெளியேறிக்கொண்டிருந்தது. கிளாம்பைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டார்.

எதிர்முனையை முதலில் கழற்றி, அப்புறம் நேர்முனையைக் கழற்றினோம். கிளாம்பின் உட்புறம் பச்சையும் வெள்ளையுமாகப் பொருமியிருந்தது. சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, துடைத்து, நட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். இந்த முறை தூக்கும்போது மோட்டாரில் 11.1. மீதி ஒரு வோல்ட் கேபிளின் குற்றம், அதை அடுத்த மாதம் தடிப்பாக மாற்றிக்கொண்டார். மூன்றாவது பேட்டரி வாங்கவில்லை. ஏற்கெனவே கழற்றி ஓரமாக வைத்திருந்த முதல் பேட்டரியைச் சும்மா ஒரு நாள் சார்ஜ் போட்டுப் பார்த்தார். அதுவும் படகைத் தூக்கியது.